கண்டென்சர்தான் போயிருக்கும்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு டிவி கண்ணை மூடிவிட்டது. கீழே சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக். வீட்டில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "கண்டென்சர்தான் போயிருக்கும்." சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றால் மதில் மேல் எட்டிப் பார்த்து நீங்களும் இதைத்தான் சொல்கிறீர்கள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். பின்மூடியைக் கழற்றினார். நான் டார்ச் அடித்தேன். பவர் சப்ளை போர்டில் இரண்டு கண்டென்சர்கள் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி தலை உப்பி நின்றன. உள்ளே வாயு சேர்ந்தால் மொத்தமாக வெடிக்காமல் அங்கே பிளக்கட்டும் என்றுதான் அதன் உச்சந்தலையில் கீறலே போட்டு வைக்கிறார்கள். தம்பி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "போர்டு போச்சு சார். 6,800 ஆகும்."

"இந்த ரெண்டை மட்டும் மாத்தினா போதுமே தம்பி?"

"நாங்க போர்டுதான் சார் மாத்துவோம்."

பார்த்ததற்கு 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு கண்டென்சரும் சேர்ந்து 30 ரூபாய் தாண்டாது. சூட்டில் 10 டிகிரி ஏறினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்திருந்தும் கொதிக்கிற ஹீட் சிங்க்கை உரசினாற்போல் அதை உட்கார வைத்த புண்ணியவான் யாரோ! வாரண்டி முடிந்து சரியாக நாற்பது நாள்.

நானே மாற்றிவிடுவதென்று முடிவெடுத்தேன். எப்படி மாற்றுவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஹால் ஃபேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஃபேன் கண்டென்சர் ஒரே நாளில் சாகாது. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் பூசிய உலோகம் துளித்துளியாக எரிந்து, 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருப்பது இரண்டாகும், ஒன்றரையாகும். ரெகுலேட்டரில் ஐந்து வைத்தால் மூன்றின் காற்று வரும். முதல் மாதம் வோல்டேஜ் கம்மி என்று மின்வாரியத்தைத் திட்டினோம். இரண்டாவது மாதம் வெயில் ஜாஸ்தி என்றோம். மூன்றாவது மாதம் ஸ்விட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று உறுமியதே தவிர, அசையவில்லை.

ஒட்டடைக் குச்சி வந்தது.

சிங்கிள் பேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் முந்த வைத்துக் கிளப்பிவிடுவது கண்டென்சரின் வேலை. அந்த வேலையை எங்கள் குடும்பம் சித்திரை முழுக்கக் குச்சியால் பார்த்தது. மாமியார் ஒரே தட்டுதான், கேரம் ஆடுகிறவர் மாதிரி. பையன் சோபாவில் படுத்தபடியே தள்ளுவான். நான் தள்ளினால் டியூப்லைட்டில் படும். விருந்தாளி வந்தால் "வாங்க" சொல்வதற்கு முன் குச்சியைத் தேடினோம். கையில் குச்சியோடு கதவைத் திறந்ததில் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர் திரும்பியே வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன கரண்ட் வந்தால் எழுந்து தள்ளுவது யார் என்பதற்குக் காலண்டரில் முறை குறித்தோம். கண்டென்சர் அடியோடு போன ஃபேனை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும். பையன் ஒரு நாள் தலைகீழாகத் தள்ள, காற்று மேலே அடித்து, குச்சி அதுவரை தொடாத ஒட்டடையெல்லாம் சாம்பாரில் இறங்கியது.

ஒரு வழியாக ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "2.5ஆ, 3.15ஆ சார்?" என்றார் கடைக்காரர். "நல்லதா குடுங்க" என்றேன். 50 ரூபாய். ஸ்டூல் போட்டு ஏறி, ஒயர்களை ஞாபகத்தில் வைத்து முறுக்கினேன். ஃபேன் ஜோராகச் சுற்றியது. கீழே காற்று இல்லை.

"ஏங்க, மாடி வீட்டுக்காரங்களுக்கா காத்து விடறீங்க?"

வேறு சுருளோடு சேர்த்துவிட்டால் எதிர்த்திசையில்தான் ஓடுமாம். எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு ஒயரை மாற்றிப்போட்டு 300 வாங்கினார். "கண்டென்சர் நல்ல கண்டென்சர் சார்" என்று ஆறுதலும் சொன்னார்.

டிவியா? கட்டிலில் குப்புறக் கிடக்கிறது. நாங்கள் கீழே படுக்கிறோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை என் கட்டைவிரல் கற்றுக்கொண்டது. பழைய ரேடியோக்களிலிருந்து கண்டென்சர்களைப் பிடுங்கிச் சேர்த்த பால்பவுடர் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் 85 டிகிரிச் சூடு வரைதான் தாங்கும் சரக்கு. கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு.

1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி. பிரிக்காத புதுசு இரண்டு வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். உயரம் 20 மில்லி மீட்டருக்கு மேல் வேண்டாம், பின்மூடி மூடாது.