கேப்பிபராவின் பூர்வீக வீடு

கே: ரீல்ஸில் எல்லாரும் கொஞ்சும் கேப்பிபரா, பன்றியா கரடியா?

ப: எலிக்கு உறவு! இன்று உயிரோடிருக்கும் கொறிக்கும் பிராணிகளில் ஆகப் பெரியது. ஐம்பது கிலோ சர்வசாதாரணம். சொந்த ஊர் தென் அமெரிக்க ஆற்றோரங்கள்.

கே: எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கிறதே, அவ்வளவு சோம்பலா?

ப: சோம்பல் இல்லை, உஷார். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் உச்சியில் இருப்பதால், உடம்பு முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டே கரையை நோட்டம் விடும். ஜாகுவார் தென்பட்டால் முங்கிவிடும். ஐந்து நிமிடம்வரை மூச்சடக்கும்.

கே: தன் புழுக்கையையே தின்னுமாமே, உவ்வே!

ப: முகம் சுளிக்காதீர்கள். புல்லின் நார் ஒரே சுற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. மாடு அசைபோட்டு எடுக்கும் சத்தை, கேப்பிபரா இரண்டாவது முறை தின்று எடுத்துக்கொள்கிறது. முயலும் இதைத்தான் செய்கிறது.

கே: வெனிசுலாவில் இது மீன் கணக்கில் சேர்த்தியாமே?

ப: ஆமாம். தவக்காலத்தில் இறைச்சி விலக்கு. இதுதான் நீரில் வாழ்கிறதே என்று கத்தோலிக்கர்கள் உப்புக்கண்டம் போட்டுச் சமைக்கிறார்கள்.

கே: அர்ஜென்டினாவில் கேப்பிபராக்கள் ஒரு நகர்மீதே படையெடுத்தனவாமே?

ப: 2021ல் அப்படித்தான் செய்தி போட்டார்கள். ப்யூனஸ் அயர்ஸுக்கு வடக்கே உள்ள நோர்டெல்டா, மதில் சூழ்ந்த வசதியானவர்களின் குடியிருப்பு. புல்தரையை மேய்கின்றன, பூச்செடிகளை மிதிக்கின்றன, நாயைக் கடிக்கின்றன என்று புகார்மேல் புகார். ஆனால் அந்த வீடுகள் நிற்பதே பரானா ஆற்றின் சதுப்புநிலத்தைத் தூர்த்த மண்ணில். அங்கே தலைமுறை தலைமுறையாக மேய்ந்த பிராணி, மிச்சமிருக்கும் பச்சையைத் தேடி வராமல் எங்கே போகும்? அடித்துத் தின்ன ஜாகுவாரும் அந்தப் பக்கம் இல்லை. குட்டிகள் பெருகத்தான் செய்யும். இதற்குப் படையெடுப்பு என்று பெயர் வைப்பது அநியாயம். நிலத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். அங்குள்ள சூழலியலாளர்கள் பலரும் அதையே கேட்டார்கள்.

கே: பெரிய எலிகளால் தொல்லையே கிடையாது என்கிறீர்களா?

ப: பிடுங்கி வேறிடத்தில் விட்டால் உண்டு. 1946ல் ரோமத் தொழிலுக்காகக் கனடாவிலிருந்து 20 பீவர்களை (இவையும் பெரிய கொறிக்கும் பிராணிகள்தான்) கொண்டுவந்து அர்ஜென்டினாவின் தென்கோடியில் விட்டார்கள். பிடித்துத் தின்ன அங்கே கரடி இல்லை, ஓநாய் இல்லை. பல்லாயிரமாகப் பெருகி, நீந்தியே சிலி நாட்டுப் பக்கமும் போய்விட்டன. கனடாவில் பீவர் கடித்த மரங்கள் பல, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். தென்கோடி மரங்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காடு காடாகப் பட்டுப்போயிற்று. பீவரைக் குறைசொல்ல மாட்டேன், கொண்டுவந்தவர்களைச் சொல்வேன்.

கே: வீட்டில் ஒரு கேப்பிபரா வளர்க்க ஆசை...

ப: வேண்டாம். அதற்குக் குளம் வேண்டும், மேய்ச்சல் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் வேண்டும். உங்கள் வீட்டில் மூன்றும் கிடைக்காது.