தேயாத விரல்கள்

காலை ஐந்தரை மணி. வார்டு அலுவலகத் தாழ்வாரச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முன்னால் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிகளின் வரிசை. ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் கட்டைவிரலை வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது பெட்டிக்குள் இருந்து ஒரு பெண்குரல். முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." எண்ணெய்த் தலையில் தேய்த்து வைக்கிறார். எச்சில் தொட்டு வைக்கிறார். இடது கைக்கு மாறுகிறார். குரலின் மரியாதை கடைசிவரை குறையவில்லை. அந்த வார்டில் வேறு யாரும் அவரிடம் 'ப்ளீஸ்' போட்டுப் பேசியதில்லை. அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

"நேத்து விழுந்துச்சுல்ல? ராத்திரி கைய வச்சு என்னம்மா பண்ணே?" என்றார் மேஸ்திரி.

"நேத்து காவா வாருனேன் சார்."

சரி போ, நோட்டுல எழுதிக்கறேன் என்றார். அன்றைக்கும் அந்த அம்மா தெரு முழுக்கக் கூட்டினார். ஆனால் நோட்டு சம்பளம் போடுவதில்லை, பெட்டிதான் போடுகிறது. பெட்டியின் கணக்கில் அவர் அன்று வரவே இல்லை.

பெட்டியைத் திட்டிப் பயனில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. விரல் தோலின் மேடுகள் கண்ணாடியைத் தொடும், பள்ளங்கள் தொடாது. இரண்டிலும் வெளிச்சம் வேறுவேறாகத் திரும்பும். கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்று புள்ளி குறித்துக்கொண்டு, முதல் நாள் பதிந்ததோடு ஒப்பிடும். கோடே இல்லாவிட்டால் எதைக் குறிக்கும்? பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் சிமென்டும் துடைப்பக் கட்டையும் இருபது வருடமாகத் தின்ற தோலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கையுறை கொடுத்ததாகப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டின் கைகள் பத்திரமாக இருக்கும் என்று நம்புவோம்.

ஆக, உழைத்தால் ரேகை தேயும். ரேகை தேய்ந்தால் உழைக்கவில்லை என்று ஆகும். இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை வேண்டுமென்றே திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

எவ்வளவு பொருந்தினால் ஏற்பது என்ற அளவை அந்தப் பெட்டியில் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டினால் ஆள்மாறாட்டம் குறையும், உண்மையான ஆள் வெளியே நிற்பது கூடும். குறைத்தால் தலைகீழ். அந்த அளவை எங்கே நிறுத்துவது என்று தொழிலாளியைக் கேட்ட ஒரு நிர்வாகத்தையும் நான் பார்த்ததில்லை. பெட்டி விற்றவருக்குப் பணம் வந்துவிட்டது. வாங்கியவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். தவறின் முழுச் செலவும் எச்சில் தொட்ட அந்தக் கட்டைவிரலின் கணக்கில்.

சரி, ஆள்மாறாட்டமாவது ஒழிந்ததா? 2013இல் பிரேசிலில், சாவ் பாவ்லோவுக்குப் பக்கத்து ஊரில், வராத சக மருத்துவர்களுக்கும் சேர்த்து வருகை போட்டதாக ஒரு மருத்துவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஆறு சிலிக்கோன் விரல்கள். ஹைதராபாத் மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளிகளின் பெயரில் செயற்கை ரேகை வைத்து வருகை போட்டதாகக் கைதானவர்கள் மேற்பார்வை ஊழியர்கள். தொழிலாளியை வேவு பார்க்க வைத்த பெட்டியை ஏமாற்றியது, அதைக் காவல் காத்தவர்கள்! ரப்பர் விரல் காவாயில் இறங்குவதில்லை, அதற்குத் தேய்மானமும் இல்லை, முதல் முறையிலேயே "தேங்க் யூ" வாங்கிவிடும். நிர்வாகங்கள் இனி நேரடியாக ரப்பர் விரல்களையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பிஎஃப் கேட்காது, தீபாவளிக்கு போனஸ் கேட்காது. தெரு நாறும், ஆனால் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு.

விரலைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்தி எடுத்தார். நாளைக்குக் 'கையெழுத்து என்னுடையதல்ல' என்று அவர் சொல்லிவிடக்கூடாதே என்பதற்கான பயமுறுத்தல்தான் அது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அஜிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. உழைப்பு கீழே, கையெழுத்து மேலே. அன்றைக்கே சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு அது குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம். பத்து விரலையும் பதிய வேண்டும், இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்க்காரர்கள் விரலைத் தர மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று நம் தலைவர்கள் வெள்ளை வேட்டியில் வந்து மாலை போட்டுக் கண் கலங்குவார்கள். மறுநாள் தலைநகரில் கைரேகைக் கருவிக்கு டெண்டர் திறப்பார்கள். ஒரு நாள் இடைவெளி விடுகிறார்களே, அந்த நாகரிகத்தைப் பாராட்ட வேண்டும்.

கொடுத்த விரல் எங்கே போகிறது என்றும் கேட்டுவிடலாம். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்தே 56 லட்சம் பேரின் ரேகை களவு போனது. இங்கே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்ததாரர் மாறுகிறார். புதியவர் புதுப் பெட்டியோடு வந்து எல்லா விரலையும் மறுபடி வாங்குகிறார். பழையவர் தன் பெட்டியைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகிறார், உள்ளே இருக்கும் விரல்களோடு. யார் கேட்டது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கு முதலாளி சம்மதம் கேட்காமலே ஊழியரின் தரவைக் கையாளலாம் என்கிறது. பிரிட்டனில் 2024இல் தரவு ஆணையர், உடற்பயிற்சி மையங்கள் நடத்தும் செர்கோ லெஷர் நிறுவனத்திடம், ஊழியர் வருகைக்கு முகத்தையும் விரலையும் எடுப்பதை நிறுத்து, எடுத்ததை அழி என்று உத்தரவிட்டார். அங்கே ஊழியரால் மறுக்க முடியாது என்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. இங்கே மறுத்தால் நாளைக்கு வர வேண்டாம்.

எனக்கு ஒரு யோசனை. கருவியை எடுக்கவே வேண்டாம், திருப்பி மாட்டுங்கள். கையுறையும் பூட்ஸும் கொடுத்ததாகக் கணக்கெழுதும் அதிகாரி, வாங்கியவர் கண்முன்னால் ஒவ்வொரு ஜோடிக்கும் விரல் வைக்கட்டும். பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டிய அன்று ஒப்பந்ததாரர் வைக்கட்டும். மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் போடாவிட்டால் அவருக்கும் ஆப்சென்ட் விழட்டும், அந்த மாதப் பில்லில் பிடிக்கட்டும். விழாக்களில் துடைப்பத்தோடு போட்டோவுக்கு நிற்கும் அமைச்சர் எவ்வளவு நேரம் கூட்டினார் என்று உள்ளே ஒரு பஞ்ச், வெளியே ஒரு பஞ்ச். யாரும் முந்தானையில் துடைக்க வேண்டியிருக்காது. அவர்கள் விரலெல்லாம் வழவழவென்று, ஒரு கோடு அழியாமல், பெட்டிக்கு மிகவும் பிடித்த மாதிரி இருக்கின்றன.