புதுசா வர்றவனை விரட்டுவது எப்படி?

வா மாப்ளே, உக்காரு. நீயும் உன் கூட்டாளிகளும் சேந்து பழைய கம்ப்யூட்டருக்குன்னே லேசா ஒரு லினக்ஸ் கட்டுறீங்களாமே. நல்ல காரியம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிருச்சு. ரெண்டு ஜிபி ராம் வெச்ச பெட்டியெல்லாம் பரண்ல ஏறிக்கிட்டு இருக்கு. அதைத் தூக்கிப்போட மனசு வராதவன் இனி உன் வாசலுக்குத்தான் வருவான். கூட்டம் கூடிருமேன்னு எனக்கு ஒரே கவலை. அதான், வர்றவனைத் திருப்பி அனுப்ப அஞ்சு வழி சொல்லித் தரலாம்னு கூப்பிட்டேன். நான் பட்டிக்காட்டான், எனக்கா ஒண்ணும் தெரியாது. விவரமானவங்க செஞ்சு பாத்ததைத்தான் சொல்றேன்.

முதல்ல வைஃபையில கை வை. டெபியன் லினக்ஸ்காரங்க வருஷக்கணக்கா இதை அழகாப் பண்ணுனாங்க. பல வைஃபை சில்லு வேலை செய்ய ஃபர்ம்வேர்னு ஒரு நிரல் வேணும். அது மூலநிரல் தராத சரக்கு, நம்ம கொள்கைக்கு ஆகாதுன்னு அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்புல சேக்க மாட்டாங்க. புதுசா வந்தவன் அதை இணையத்துல இறக்கிக்கணும். இணையத்துக்குப் போக வைஃபை வேணும். இறைக்குற வாளியைக் கிணத்துக்குள்ள போட்டுட்டு, தண்ணி இறைச்சுக்கன்னு சொன்ன கதை. ஃபர்ம்வேர் சேத்த கோப்பும் ஒண்ணு இருந்துச்சு. ஆனா ‘அதிகாரப்பூர்வமற்றது’ன்னு பேர் போட்டு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. 2022-ல ஓட்டெடுப்பு நடத்தி மனசு மாறிட்டாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12-லேருந்து எல்லாம் உள்ளேயே வருது. வேண்டாங்குறவன் அணைச்சுக்கவும் வழி இருக்கு. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. நீ அவங்களைப் பாத்துத் திருந்திராதே.

ரெண்டாவது, விரலைக் குழப்பு. டச்பேடுல தட்டுனா கிளிக் ஆகவே கூடாது. அடியில ஓடுற லிப்இன்புட் நிரலே பெரும்பாலான டச்பேடுக்கு அதை அணைச்சுத்தான் வெச்சிருக்கு. தட்டுனா கிளிக் ஆகும்னு தெரியாதவன் கை பட்டுத் திண்டாடுவானாம், தெரிஞ்சவன் தேடிப் போட்டுக்குவானாம். நியாயம்தான். ஆனா இப்ப பால்குடி மறக்காத பிள்ளையும் போனைத் தட்டித்தான் வளருது. அதைப் பாத்துட்டு க்னோம் டெஸ்க்டாப்போட 46-ம் பதிப்பு 2024-ல தட்டலைத் தானாவே போட்டு விட்டுருச்சு.

அப்புறம் பப்பி லினக்ஸ். அதுல ஐகானை ஒரு தடவை அமுக்குனாலே திறக்கும். விண்டோஸ்ல ரெண்டு அமுக்கு அமுக்கிப் பழகுனவன் கை சும்மா இருக்குமா? பிரவுசர் ரெண்டு ஜன்னலாத் திறக்கும். ரெண்டு ஜிபி ராமுக்கு அன்னைக்கு அது போதும். கேடிஇ டெஸ்க்டாப்பும் நெடுங்காலம் ஒரே அமுக்குதான். 2024-ல அதோட பிளாஸ்மா 6 வந்தப்ப ரெண்டுக்கு இறங்கி வந்துருச்சு. பழசே பிடிக்குதுங்குறவன் அமைப்புகள்ல போய் மாத்திக்கிட்டு சந்தோஷமா இருக்கான்.

மூணாவது, மிரட்டு. டெபியனை நிறுவும்போது ரூட்டுங்குற நிர்வாகிக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் கேக்கும். நல்ல பிள்ளையா அதைக் குடுத்தவன் பேரை, நிர்வாகி வேலை செய்ய விடுற சுடோ பட்டியல்ல சேக்காது. ஒண்ணும் எழுதாம விட்டவனைச் சேத்துக்கும். அந்த நல்ல பிள்ளை பின்னால ஒருநாள் சுடோன்னு அடிச்சா, நீ பட்டியல்ல இல்ல, நடந்ததை மேலிடத்துக்குச் சொல்லிருவோம்ங்குற மாதிரி ஒரு அதட்டல். வீட்டுல கம்ப்யூட்டரைத் தொடுறவன் அவன் ஒருத்தன். மேலிடம் யாரு, அவன் பொண்டாட்டியா?

நாலாவது, அள்ளிக் குடு. ஆன்டிஎக்ஸ் முழுப் பதிப்புல நாலு ஜன்னல் மேலாளர்: ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம், ஹெர்ப்ஸ்ட்லுஃப்ட்டபிள்யூஎம். நாலாவது பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாயில இருக்குற வெத்தலை வெளிய வந்துரும். ஆனா அவங்க சூதானமான ஆளுங்க. ஐஸ்டபிள்யூஎம்மை முன்னால நிறுத்திட்டு மத்ததைப் பின்னால வெச்சிருக்காங்க. நீ நாலையும் முதல் திரையிலயே வரிசை கட்டி நிறுத்தி, தேர்ந்தெடுக்குறது உன் சுதந்திரம்னு சொல்லு. நாலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவன் உன்கிட்ட எதுக்கு வர்றான்?

அஞ்சாவது, இடத்தை மிச்சம் பிடி. டாம் ஸ்மால் லினக்ஸ்காரங்க ஒரு காலத்துல மொத்தத்தையும் 50 எம்பிக்குள்ள அடக்குனாங்க. 2024-ல திரும்பி வந்தப்ப 700 எம்பி, ஒரு சிடி அளவுன்னு எல்லையை ஏத்திக்கிட்டாங்க. இன்னைய பிரவுசர் பழைய அளவுக்குள்ள அடங்குமா? நீயும் கணக்குப் பாரு. மூணு எடிட்டர் இருக்கட்டும், தமிழ் எழுத்துருவை மட்டும் தூக்கிரு. நோட்டோ சான்ஸ் தமிழ் ஒரு எம்பிகூட வராது, இருந்தாலும் சிக்கனம் சிக்கனம்தானே. பேப்பர் படிக்கத் திறந்தவனுக்குக் கட்டம் கட்டமாத் தெரியட்டும். தாயம் ஆடிக்கட்டும்.

என்ன மாப்ளே மொறைக்கிற? ‘அதெல்லாம் ஒரு வரி மாத்துனா சரியாயிரும் மாமா’ங்குற. வாஸ்தவம். அந்த ஒரு வரி எந்தக் கோப்புல கிடக்குன்னு உனக்குத் தெரியும். பழகுன ஆளு நீ எதைக் குடுத்தாலும் முதல் மணி நேரத்துலயே பிரிச்சு மேஞ்சு தன் இஷ்டத்துக்கு மாத்திருவான். அவனுக்கு நீ முதல்லயே வெச்சுக் குடுக்குற அமைப்பு, அதான் உன் டிஃபால்ட், எப்படி இருந்தா என்ன? மாத்தத் தெரியாதவன்தான் அதோட குடித்தனம் நடத்தணும். அவனுக்குன்னு வெக்க வேண்டியதை, மாத்தத் தெரிஞ்சவன் ருசிக்கு வெக்குற பாரு, அதுலதான் உன் சாமர்த்தியமே இருக்கு.

இதைக் கெடுக்குற மாதிரி ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஆன்டிஎக்ஸ், மெபிஸ்னு ரெண்டு லினக்ஸ் ஆளுங்க கூடி 2014-ல எம்எக்ஸ்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை முன்னால வெச்சாங்க. உள்ள வந்ததும் ஒரு வரவேற்புத் திரை. அடிக்கடி வர்ற வேலைக்கெல்லாம் அமுக்குனா ஓடுற சின்னச் சின்னக் கருவி. கட்டளை அடிக்கிறவன் அடிச்சுக்கலாம், அதையும் யாரும் பிடுங்கல. விளைவு, டிஸ்ட்ரோவாட்ச் தளத்தோட பக்கப் பார்வைப் பட்டியல்ல பல வருஷம் முதலிடம். உனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?

இப்ப உன்கிட்ட யாரும் குறை சொல்றதில்லேன்னு பெருமையாச் சொன்னியே, அது உண்மைதான். பிடிக்காதவன் நின்னு பிராது குடுக்க மாட்டான், பெட்டியை அணைச்சுட்டுப் போயிருவான். மிச்சம் இருக்குறவன் உன்னை மாதிரி ஆளு. அவன் தலையாட்டுறதை வெச்சுத்தான் நீ எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்க.

விரட்டுறதுல இஷ்டமில்லேன்னா ஒண்ணு செய். அடுத்த பதிப்பை வெளிய விடுறதுக்கு முன்னால உங்க அத்தையை அது முன்னால உக்கார வை. வைஃபையைப் பிடிச்சு, தமிழ்ல ரெண்டு வரி படிச்சு, பேத்திக்கு ஒரு படம் அனுப்பட்டும். நீ பக்கத்துல வாயைத் திறக்காம நில்லு. கஷ்டம்தான், இருந்தாலும் நில்லு. அவ எங்கெல்லாம் கை ஓடாம உக்காந்திருக்காளோ அதையெல்லாம் குறிச்சுக்கிட்டுப் போய் டிஃபால்ட்டை மாத்து. அதை விட்டுட்டு, ‘டெர்மினலைத் திறங்க அத்தை’ன்னு சொல்லிராதே. ராத்திரிச் சோறு உனக்கு மட்டுமில்ல, எனக்கும் கிடைக்காது.