மாதிரிப் பணிவர்

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் இறுதிக் கட்டமான ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது நேர்முகம் என்று வழங்கும் 275 மதிப்பெண் உரையாடலுக்கு, தில்லி ஷாஜகான் சாலையிலுள்ள தோல்பூர் இல்லத்துக்கு ஆண்டுதோறும் வந்து சேர்பவர்களுள் ஒரு வகையினரை மாதிரிப் பணிவர் எனலாம். மாதிரி நேர்முகம் என்பது, ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் குழுவாக அமர்த்திப் பயிற்சி மையங்கள் நடத்தும் ஒத்திகை. அத்தகைய ஒத்திகை ஒவ்வொன்றிலும் ஒரு பணிவைக் கூட்டிக்கொண்டு, எதையும் கழிக்காமல் வந்திருப்பவரே இவர்.

பணியாளர் கதவைத் திறந்து உள்ளே போகச் சொன்ன பின்னரும் இவர் வாசலில் நின்று அனுமதி கேட்பார். வணக்கம் சொல்வதில்தான் உண்மையான நெருக்கடி. நேர்முகக் குழுவின் தலைவருக்கே முதல் வணக்கம் என்று ஒரு மையமும், பெண் உறுப்பினருக்கே முதல் வணக்கம் என்று அதே தெருவிலுள்ள மற்றொரு மையமும் கற்பித்திருப்பதால், எவர் சொல்லையும் மீறாதிருக்க, இருவருக்கும் இடைப்பட்ட சுவரை நோக்கிக் கும்பிடுவார். அமரச் சொன்னால் நாற்காலியின் முன்விளிம்பில் மட்டும் அமர்வார். மீதியை ஆணையத்துக்கே விட்டுவைப்பது மரியாதை என்று கருதுகிறார் போலும்.

நேர்முகம் குறுக்கு விசாரணை அன்று, இயல்பான உரையாடலே என்று ஆணையத்தின் அறிவிக்கை கூறுவதைப் படித்திருப்பதால், இவர் இயல்பையும் ஒத்திகை பார்த்திருப்பார். அதன் பயனாகத் தோன்றும் புன்னகை, கேள்வி வெள்ளச் சேதத்தைப் பற்றியதானாலும் இறங்குவதில்லை.

சொந்த ஊர், பொழுதுபோக்கு முதலியவற்றை விண்ணப்பதாரரே எழுதித் தரும் விரிவான விண்ணப்பப் படிவத்திலிருந்துதான் கேள்விகள் பலவும் பிறக்கும். படிவத்தில் திருநெல்வேலி என்று கண்ட உறுப்பினர் ஒருவர், அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணமா என்று ஆவலோடு கேட்டால், அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த இவர், சர்ச்சைக்கு இடமின்றி இருபுறமும் பேசுவதாகிய சமநிலைக் கருத்தைக் கைக்கொண்டு, ஒருபுறம் நீரின் பங்கை மறுக்க இயலாது என்றும், மறுபுறம் கோதுமை, நெய் ஆகியவற்றின் பங்களிப்பையும் கருத வேண்டும் என்றும் விளக்குவார். சலித்துப்போன தலைவர், அது கிடக்கட்டும், உங்களுக்கு அல்வா பிடிக்குமா என்று கேட்டுப் பார்ப்பார். விடை தெரியாதபோது ஊகித்துச் சொல்லலாகாது என்ற பாடம் அக்கணமே நினைவுக்கு வர, இவர் மேலும் சற்று முன்னால் நகர்ந்து, "மன்னிக்க வேண்டும் ஐயா, தெரியவில்லை, படித்துத் தெரிந்துகொள்கிறேன்" என்பார்.