தேக்காவில் எந்தப் பிரபு முதலில்?

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் யாருக்கு அடுத்து யார் உட்காருவது என்று மன்னர் எட்டாம் ஹென்றி 1539இல் சட்டமே போட்டார். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று படிகள். ஒரே படியில் பலர் நின்றால் இங்கிலாந்துப் பட்டம் முதலில். பிறகு ஸ்காட்லாந்து, பிரிட்டன், அயர்லாந்து. 1801க்குப் பின் வந்தவை கடைசி. அதற்குள்ளும் தேதி மூத்தது முந்தும். இந்த முறையைச் சிங்கப்பூர்த் தேக்காவின் தெருப்பலகைகளுக்குப் பொருத்திப் பார்க்க யாரும் முன்வராதது அறிவுலகுக்குப் பெரிய இழப்பு.

வட்டாரத்தின் மூத்த பிரபு டல்ஹவுசி. 1849இல் மார்க்விஸ் ஆனவர், மறு ஆண்டு இங்கேயே வந்து போனார். அதற்காக நட்ட கல்தூண் எம்பிரஸ் பிளேஸில் இன்றும் நிற்கிறது. தேக்காவிலோ அவருக்கு வாய்த்தது வெறும் லேன். மூன்று படி கீழே நிற்கும் பாரன் கிளைவுக்கு ஸ்ட்ரீட். பட்டம் எதுவும் கிடைக்காமல், பிரபுக்கள் சபை முன் 1788 முதல் 1795 வரை விசாரணையில் இழுபட்டு விடுதலையான வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு ரோடு! தலைகீழ் வரிசை.

கிளைவ் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 1762இல் அவருக்குக் கொடுத்தது அயர்லாந்துப் பட்டம். அதை வைத்துக்கொண்டு பிரபுக்கள் சபைக்குள் நுழைய முடியாது. சாகும்வரை ஷ்ரூஸ்பரியின் எம்.பி.யாகவே இருந்தார். ஆனாலும் லேசாக நினைத்துவிடக் கூடாது. ஜாலான் புசார் பக்கத்து ஹார்ன் ரோட்டுக்காரர் 1919இல்தான் பாரன் ஆனார். இருவரும் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டியவர் ஹார்ன்.

ஏர்ல்களில் அவ்வளவு தகராறு இல்லை. கேவன் ரோடு 1647, மேயோ ஸ்ட்ரீட் 1785, கிட்சனர் ரோடு 1914, பீட்டி ரோடு 1919. மேயோவை அந்தமானில் ஒரு கைதி குத்திக் கொன்றது வரிசையைப் பாதிக்காது. ஃபோஷ், பெத்தான் ரோடுகளின் நாயகர்கள் பிரெஞ்சு மார்ஷல்கள். இந்தப் பந்தியில் அவர்களுக்கு இலை இல்லை.

இத்தனை பிரபுக்களில் ஒருவருக்காவது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரோடு உண்டா? எருமைக்கு உண்டு. பஃபலோ ரோட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் குவிந்து கிடக்க, இணையாக மலாய்ப் பெயரில் கெர்பாவ் ரோடு ஓடுகிறது. மாட்டு வியாபாரி பெலிலியோஸின் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டியே போகிறது. கசாப்புக்கடைக்காரர் டெஸ்கருக்கும் ரோடுதான். ஊரை வளர்த்த தொழுவத்தின் செல்வாக்கு அப்படி. ஆனால் எட்டாம் ஹென்றியின் சட்டத்தில் எருமைக்கு இருக்கை ஒதுக்கவில்லை. ஆகவே ஆய்வு வருத்தத்தோடு மேலே செல்கிறது.

அடுத்து வருபவர்கள் இரண்டு கடற்படைத் தளபதிகள், ஸ்டர்டியும் டிர்விட்டும். இருவரும் பாரனெட்: பரம்பரைப் பட்டம்தான், ஆனால் பிரபு கணக்கில் வராது, பாரனுக்கும் கீழே. ஸ்டர்டி 1916, டிர்விட் 1919. எனவே ஸ்டர்டி ரோடே முந்துகிறது. டிர்விட் ரோட்டில் காப்பி நன்றாக இருக்கும் என்ற வாதத்தை இந்த ஆய்வு ஏற்பதற்கில்லை.