மூன்று நொடி தாமதம்

கோளாறு ஆஞ்சநேயரில் ஆரம்பித்தது. கிளம்பும்போது வீட்டம்மா குடையை எடுத்துப் பையில் வைத்தாள். "நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி. அவருக்கே கூரை கிடையாது, வெயிலிலும் மழையிலும் நிக்கிறாரு. அந்த ஊர்க்காரனுக்குக் குடையா?" என்றேன். குடை ஆணிக்குத் திரும்பியது.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. விமானப்படையின் 92-ஆம் ஆண்டுக்காக மெரினாவில் 72 விமானங்கள் பறக்கப் போகின்றன. ஒரு வாரம் யூடியூப் பார்த்து ரஃபேல், சுகோய், ஜாகுவார் எல்லாவற்றையும் வாலை வைத்தே சொல்லுமளவுக்குத் தேறியிருந்தேன். பாப்பாவுக்கு நான்தான் வர்ணனையாளன். வேளச்சேரியில் மச்சினி வீட்டில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயில். பெயர்தான் அப்படி, நான் அதில் ஒற்றைக்காலில் நின்றேன்.

11 மணிக்கு முதல் உறுமல். "அதோ கண்ணு, ரஃபேல்!" என்று கை நீட்டினேன். அங்கே வெறும் நீலம். மறுபடி உறுமல், மறுபடி கை, மறுபடி நீலம். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறப்பதன் சத்தம் நம் காதுக்கு வர மூன்று நொடி ஆகும். மணிக்கு 700 கிலோமீட்டரில் போகிற விமானம் அதற்குள் அரைக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. பாப்பா என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சத்தத்துக்கு முன்னால் வானத்தைத் துழாவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

நான் ஒழுங்காகப் பார்த்தது டகோட்டாவை மட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மாடல், எங்கள் டவுன் பஸ் மாதிரி நிதானமாகப் போனது. நடுவில் ஒரு பருந்தைச் சுகோய் என்றேன். பக்கத்தில் நின்றவர் மரியாதைக்கு அண்ணாந்து பார்த்தார்.

சாரங் ஹெலிகாப்டர்கள் வந்தபோது அவை நம்ம கோவைப் பக்கத்துச் சூலூர்ப் படைத்தளத்தைச் சேர்ந்தவை என்று சொல்லி வைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஏனுங்க, சூலூர்ல இருக்கறதைப் பாக்கவா மெட்ராஸுக்குக் கூட்டியாந்தீங்க?" என்றாள் வீட்டம்மா.

12 மணிக்கு நான் முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் குடைக்குள் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டில் மச்சினி வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்துகொண்டிருந்தது. சூர்யகிரணின் ஒன்பது விமானங்களும் சேர்ந்து வந்ததைக் குடைக்கம்பிகளுக்கு இடையில் கண்டேன்.

இரவு செய்தியில் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். குடையைப் பற்றி வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாப்பாவின் சிவந்த கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

போனில் 143 படங்கள். முக்கால்வாசி நீலம், மிச்சம் முன்னால் நின்றவரின் தொப்பி. ஒன்றில் மட்டும் ஒரு கரும்புள்ளி, அந்தப் பருந்து. ஊருக்கு வந்ததும் மாமனார் கண்ணாடி போடாமலே போனை வாங்கி, "இது சுகோயுங்களா மாப்ள?" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றேன்.