வடக்கு எது என்று சொல்லி அருள்க

அனுப்புநர்:
ஓட்டு வீடு இடிந்த ஒரு விண்ணப்பதாரர்,
வைகைக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம்.
(தெற்கே என்பது ஊரார் நம்பிக்கை. தங்கள் அலுவலகம் இன்னும் உறுதி செய்யவில்லை.)

பெறுநர்:
உயர்திரு கட்டட அனுமதி அவர்கள்,
ஊரகப் பிரிவு.

பொருள்: வீடு கட்ட அனுமதி – திசை தெரியாமல் திகைத்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடைக்கண் பார்வை (இதுவரை கிடைக்கப்பெறவில்லை).

பெருமதிப்பிற்குரியீர்,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே நலம்.

போன வாரம் தங்கள் பிரதிநிதி எங்கள் மனைக்கு எழுந்தருளினார். பைக்கை விட்டு இறங்கியதும் செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். வைக்க இடம் தேடினார். விலை ஏறுவதற்குள் வாங்கிப் போடுவோமே என்று நான் முன்கூட்டி இறக்கி அடுக்கியிருந்த கம்பிக்கட்டு கண்ணில் பட்டது. இரும்பின் மேல் போனை வைத்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி, தினமும் சூரியன் போய் மறைகிற கருவேலங்காட்டைக் காட்டி நின்றது. "வடக்கு அங்க இருக்கு. உங்க இன்ஜினியர் இங்க போட்டிருக்காரு. படிச்சவர்தானே சார் நீங்க, வடக்கு தெரியாதா?" என்றார். டீக்கடையில் இருந்த பாதி ஊர் அப்போது எங்கள் வேலியோரம்தான் நின்றது.

என் அம்மாவுக்கு எண்பது வயது. "தம்பி, செல்லாயி வடக்கு பாத்துத்தான் உக்காந்திருக்கா, அந்தா பாருங்க" என்று கோயிலைக் காட்டினாள். "அதுக்கு சர்வே ரெக்கார்டு இருக்கா பாட்டி?" என்று கேட்டார் பிரதிநிதி. அம்மனிடம் பட்டா கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். மறுநாளே எங்கள் கோப்பு திரும்பி வந்தது. "வரைபடத்தில் காட்டிய வடதிசை களத்தில் கண்ட வடதிசையுடன் ஒத்துப்போகவில்லை. திருப்பப்படுகிறது."

தங்கள் கண்டுபிடிப்பின் முன் சிரம் தாழ்த்துகிறேன். எங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில், இன்னார் மனைக்கும் தெற்கு, பாதைக்கும் வடக்கு, இதன் மத்தியில் கிழமேலடி 30, தென்வடலடி 40 என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்திர எழுத்தரிடம் செல்போன் இல்லை. அதனால் நூறு வருஷமாக எங்கள் குடும்பம் தவறான திசையில் குடியிருந்திருக்கிறது. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று பாட்டி எங்களை அதட்டி அதட்டி வளர்த்தாள். தங்கள் கணக்குப்படி பார்த்தால் மூன்று தலைமுறையும் வடக்கே தலை வைத்துத்தான் தூங்கியிருக்கிறோம். குடும்பம் ஏன் விளங்கவில்லை என்பது இப்போது புரிகிறது. நன்றி.

புதிய வடக்கை ஒப்புக்கொண்டு வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தலைவாசல் தெருவை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாட்டுத்தொழுவத்தைப் பார்க்கிறது. முன்பக்கம் விட வேண்டிய இடம் பக்கவாட்டுக்குப் போகிறது. பக்கவாட்டு இடம் பாதைக்குள் இறங்குகிறது. பாதையோ அகலம் போதாது என்று முந்தைய முறையே தாங்கள் குறித்த பாதை. அதில் பேவர் பிளாக் பதித்து, நீளமும் மதிப்பீடும் பெயின்டில் எழுதிப் பலகை நட்டதும் ஊராட்சிதான். கல் பதிக்கும் அளவுக்குப் பாதை. வீடு கட்டக் கேட்டால் சந்து.

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. 2,500 சதுரடி வரையிலான மனை, 3,500 சதுரடி வரையிலான வீடு, தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ, இணையத்தில் போட்டால் உடனே அனுமதி என்றார்கள். எங்கள் மனை 1,200 சதுரடி. கேட்கிற வீடு அதைவிடச் சின்னது. ஆனாலும் தங்கள் மேசையில் "இது நத்தம், உங்களுக்கு அது சரிவராது, பழைய வழியில வாங்க" என்றார்கள். நத்தம் என்றால் குடியிருப்பதற்கென்றே விட்ட நிலம். அது அரசுக்குச் சொந்தமில்லை, குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. குடியிருக்கவென்று விட்ட இடத்தில் குடியிருக்க அனுமதி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்கவும். பழைய வழியில் வந்தேன். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஒரு சிக்கல் வந்தால் ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். திட்டலாம். ஓட்டை ஞாபகப்படுத்தலாம். 2019 கடைசியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. 2025 ஜனவரி 5-உடன் அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். ஒன்றியத்திலுள்ள ஊராட்சிகளையெல்லாம் அவர் ஒருவரே தலையில் சுமக்கிறார். அவர் வீட்டுத் திண்ணை எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கிராம சபையில் எழுந்து கேட்டேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். எழுதியவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை; அதனால் அந்தத் தீர்மானம் செல்லாமல் போகலாம்.

தெருக்கோடியில் புதிதாக ஒரு மாடி வீடு எழும்பியிருக்கிறது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வானம் தோண்டினார், பூசினார், பால் காய்ச்சினார். அவருக்கு வீட்டு வரி ரசீது கிடைத்துவிட்டது. கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்வாயை மேடாக்கி, வண்ணக்கொடி கட்டி, கல் நட்டு ஒரு 'நகர்' வந்திருக்கிறது. அங்கே எந்தப் போனும் எந்தக் கம்பி மேலும் வைக்கப்படவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அடுத்த வருஷமே, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்துவிட்டது. முதலில் மீறு, பிறகு கட்டணம் கட்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் கேட்கிறவனுக்குத்தான் இந்த அலுவலகத்தில் வழி கிடையாது. கேட்காதவன் வீட்டுக்குள் தூங்குகிறான். கேட்டவனுடைய எண்பது வயது அம்மா, ராத்திரியில் எழுந்து தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிடுகிறாள். இதை ஒழுங்குமுறை என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

பொறுத்தருள்க. மழை நேரத்தில் இப்படி ஏதாவது வாயில் வந்துவிடுகிறது. தங்கள் பெருமை இமயம் போன்றது. இமயம் எந்தப் பக்கம் என்பதைத் தாங்கள் தீர்மானித்ததும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடச் சித்தமாக இருக்கிறேன்.

ஒரு கட்டத்தில் வடக்கிருந்து உயிர் துறக்கலாமா என்றுகூட யோசித்தேன். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது எங்கள் பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் போய் உடன் உட்கார்ந்தார். துணைக்கு ஊரில் ஆள் திரட்டியும் விட்டேன். பாய் விரிக்கும்போதுதான் சிக்கல் வந்தது. அம்மா செல்லாயி பக்கம் விரி என்றாள். தங்கள் அறிக்கை கருவேலங்காட்டுப் பக்கம் என்கிறது. தவறான திசையில் வடக்கிருந்து, அதுவும் திருப்பப்பட்டுவிட்டால் என்ன செய்வது? யோசனையைக் கைவிட்டோம்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். தாங்கள் எங்கள் மனுவை ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் "திருப்பப்படுகிறது" என்றுதான் எழுதுகிறீர்கள். நிராகரித்தால் அந்த ஆணையை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போவேன், அங்கே காரணம் சொல்ல வேண்டியது நீங்கள். திருப்பினால் நான் மறுபடி தங்கள் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த நுணுக்கம் புரிய எனக்கு இவ்வளவு காலம் ஆனது.

ஐப்பசி அடைமழைக்குள் சுவர் எழுப்ப வேண்டும். ஆகவே, கம்பிக்கட்டை நான் கூலி கொடுத்து அப்புறப்படுத்தி வைக்கிறேன். தங்கள் பிரதிநிதி மறுபடி வந்து வெறும் மண்ணில் நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள். மனமில்லை என்றால் மறுப்பைக் காரணத்தோடு, தேதியோடு, கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். இனிமேல் திருப்ப மட்டும் திருப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
விண்ணப்பதாரர்.